காங்கேயம் கன்றுக்குச் சான்றிதழ் கொடுக்க ஓர் அலுவலகம் வேண்டுமா, வேண்டாமா?

நாலுபல்லு
வணக்கம்ங்க. எங்கள் பக்கத்து ஊர்களில் காங்கேயம் மாடு வைத்திருக்கும் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரு பதிவு அலுவலகம் திறக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஒரு அறை, ஒரு ரைட்டர், ஒரு கம்ப்யூட்டர். கன்று பிறந்தால் தாய் எது, பூச்சிக்காளை (இனவிருத்திக்கு விடும் காளை) எது, யார் பட்டியில் பிறந்தது என்று எழுதிச் சான்றிதழ் கொடுப்பதுதான் வேலை. நான் மூன்று வருடம் முன்பு 'சுத்தமான காங்கேயம்' என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒரு சினைக் கிடாரி வாங்கினேன். அது ஈன்ற காளைக்கன்று வளர்ந்தது, வளர்ந்தது, திமில்தான் எழவே இல்லை. விற்றவரிடம் போனால் "மாட்டைப் பார்த்துத்தானே வாங்கினாய்" என்கிறார். புத்தகம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கூத்து நடக்குமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெள்வேலங்காடு
தம்பி, புத்தகம் இருந்தாலும் நடக்கும். அப்போது ஏமாற்றுகிறவன் கையில் ஒரு முத்திரையும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் அப்பா கன்னபுரம் தேர்ச் சந்தையில் மாட்டைப் பிடிக்கும்போது யாரிடமும் காகிதம் கேட்டதில்லை. கொம்பு, திமில், சுழி, குளம்பு, நடை, இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசத் துண்டுக்குள் கையை விடுவார். கண்ணில் இருக்கிற கல்வியைக் காகிதத்தில் ஏற்றினால் கண் போய்விடும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் டவுனிலிருந்து காரில் வந்து காளை வாங்குகிறவர்கள்தான் சான்றிதழ் கேட்கிறார்கள், கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) மாடு மேய்க்கிறவன் கேட்கவில்லை.

அதோடு இன்னொன்று. 2019-ல் மாட்டின இனப்பெருக்கச் சட்டம் வந்து பொலிகாளைக்குப் பதிவு, தகுதிச் சான்று என்றதும் எத்தனை பேர் பயந்துபோனோம்? பதிவு என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஊசிக்காரர்
காங்கேயம் ஏற்கெனவே கர்னாலில் பதிவான இனம்தானே, அப்புறம் எதற்கு இன்னொரு பதிவு என்று கேட்டு எனக்குத் தனியாக மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் பதிவது இனத்தை. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் என்று இன்னின்ன இனங்கள் உண்டு, அவற்றின் அடையாளம் இது என்று சொல்லும். உங்கள் பட்டியில் நிற்கிற மாடு அந்த இனமா என்று அது சொல்லாது. மாடு மாடாகப் பதிகிற மத்திய மந்தைப் பதிவுத் திட்டம் வேறு. ரோத்தக், அகமதாபாத், ஓங்கோல், அஜ்மீர் ஆகிய இடங்களில் அதன் அலுவலகங்கள். கிர், காங்கிரேஜ், ஹரியானா, ஓங்கோல் மாடுகளும் முர்ரா மாதிரி எருமைகளும் அதில் வரும், பால் அளவு பார்த்துத்தான் சேர்ப்பார்கள். நம்முடையது உழவு மாடு. லிட்டர் கணக்கில் அளந்தால் வாசலைக்கூடத் தாண்டாது.

காதில் போடுகிற மஞ்சள் தோடும் வம்சாவளி கிடையாது. அந்த 12 இலக்கம் இது இந்த மாடு என்று சொல்லும், இதன் அப்பன் யார் என்று சொல்லாது.

பழைய ரைட்டர்
நான் இந்த வேலையை மூன்று வருடம் செய்தவன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன், உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை. அலுவலகம் வேண்டும் என்பதுதான் என் கட்சி, ஆனால் நாலுபல்லு நினைக்கிற மாதிரி அல்ல.

சான்றிதழ் அச்சடிப்பது ஒரு வேலையே இல்லை. வேலை முழுக்க மாடு காளைக்குச் சேர்ந்த அன்றைக்கு. அந்தத் தேதி அன்றைக்கே எழுதப்படாவிட்டால் பின்னால் எழுதுவதெல்லாம் கதை. ஒருவர் கன்றைப் பதிய வந்தார், நல்ல மனிதர். ஜூலை 12-ல் இன்ன காளைக்குச் சேர்த்தேன் என்று காளைக்காரர் கையெழுத்தோடு சீட்டு. கன்று பிறந்தது மார்ச் 3. நான் பேனாவை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன், 234 நாள். மாட்டுக்கு 280, 285 நாளாவது வேண்டாமா? குறைமாதக் கன்றா என்று கேட்டால், இல்லைங்க, பிறந்த ஒரு மணி நேரத்தில் துள்ளி ஓடியது என்று பெருமையாகச் சொல்கிறார். அப்படியானால் மே கடைசியிலேயே மாடு சினை. ஜூலையில் காளை வீணாக வந்துவிட்டுப் போயிருக்கிறது. கிளுவை வேலியைத் தாண்டி எது வந்ததோ, யாருக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

சரி, இதில் அப்பன் பெயர் எழுத முடியாது என்றேன். மறுநாள் சங்கத்திலிருந்து போன். அந்தக் காளை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பொறுப்பில் இருந்தவருடையதே. "ஒரு பெயர் எழுதினால் உனக்கு என்ன நஷ்டம்?" இதுதான் அந்த அலுவலகத்தின் வியாதி. பதிவேடு வைத்திருக்கிறவனிடம் பூச்சிக்காளை இருக்கக் கூடாது. முடியாது என்று சொல்கிற அதிகாரம் ரைட்டருக்கு இல்லையென்றால் அறை வாடகை தண்டம்.

வெள்வேலங்காடு
பார்த்தீர்களா, நான் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். நடத்தினவரே சொல்கிறார்.

பழைய ரைட்டர்
இல்லைங்கண்ணா, நான் சொல்வது நேர் எதிர். அந்த 234 நாளைக் கண்டுபிடித்தது எது? உங்கள் அப்பாவின் கண் இல்லை. அந்தக் கன்று கண்ணுக்கு அருமையான கன்று, நானே ஆசைப்பட்டேன். கண்டுபிடித்தது இரண்டு தேதியும் ஒரு பேனாவும்.

கண்ணைப் பற்றிச் சொன்னதால் இதையும் கேளுங்கள். முதல் வருடம் எங்கள் படிவத்தில் 'நிறம்' என்று ஒரு கட்டம். கன்று பிறந்தவுடன் நிரப்பிக்கொண்டு வருவார்கள், எல்லாரும் 'செவலை' என்றே. காங்கேயம் கன்று செம்மை தட்டித்தான் பிறக்கும், ஆறு மாதம் வாக்கில் வெளுக்கும் என்று நமக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வாங்கினவருக்குத் தெரியாது. சான்றிதழில் செவலை, பட்டியில் நிற்பது மயிலை, மாட்டை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்புறம்தான் நிறத்தை எடுத்துவிட்டுச் சுழியை எழுத ஆரம்பித்தோம். உடம்பு வரைபடத்தில் எந்த இடத்தில் எத்தனை சுழி என்று புள்ளி வைத்துவிட்டால் சாகிற வரை மாறாது. குதிரைக்கு வெளிநாட்டில் கொடுக்கிற பாஸ்போர்ட்டில்கூட சுழியைத்தான் வரைகிறார்கள். உங்கள் அப்பா பார்த்த அதே சுழிதான் அண்ணா, எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான்.

நாலுபல்லு
டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிட்டால் தேதிச் சண்டையே வேண்டாமே?

ஊசிக்காரர்
வால் முடியை வேரோடு நாலைந்து பிடுங்கி உறையில் போட்டு அனுப்பினால் போதும், எடுப்பது சுலபம். ஆனால் அது பதில் சொல்கிற கேள்வி 'இந்தக் காளை இந்தக் கன்றுக்கு அப்பனா இல்லையா' என்பதுதான். காளையின் மாதிரி உங்களிடம் இருக்க வேண்டும். வேலி தாண்டி வந்த காளையின் முடி யாரிடம் இருக்கும்? 'இது எத்தனை சதவீதம் காங்கேயம்' என்று கேட்பதற்கு முதலில் இதுதான் காங்கேயம் என்று ஒத்துக்கொண்ட ஒரு கூட்டம் மாடுகளை ஒப்பிட வைத்திருக்க வேண்டும். ஆக, டெஸ்ட்டுக்கும் புத்தகம் வேண்டும்.

பிரேசில் பிரியன்
ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெல்லூர் என்ற பெயரில் 'நெலோரே' ஆன கதை தெரியும் இல்லையா. அங்கே 1938-லிருந்தே திமில் மாடுகளுக்கு அதிகாரபூர்வ வம்சாவளிப் பதிவு நடக்கிறது. 2023-ல் வியாடினா-19 என்ற நெலோரே பசுவில் மூன்றில் ஒரு பங்கு உரிமையை ஏலம் விட்டார்கள், அந்தக் கணக்கில் முழு மாட்டின் மதிப்பு 43 லட்சம் டாலர். நம்ம மாடு, அவர்கள் புத்தகம்.

வெள்வேலங்காடு
வந்துவிட்டதா விலைப் பேச்சு. இதுதான் எனக்குப் பயம். நல்ல பேப்பர் உள்ள ஒரு காளை, எல்லாரும் அதற்கே மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், மற்ற காளையெல்லாம் அடிமாட்டு வண்டியில் ஏறும். அமெரிக்காவில் 1962-ல் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை ஒன்று, அர்லிண்டா சீஃப் என்று பெயர், 16,000 மகள்கள். அதன் ரத்தத்தில் இருந்த ஒரு கோளாறால் உலகம் முழுக்க ஐந்து லட்சம் கரு கலைந்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். என் பேரன்தான் படித்துக் காட்டினான். புத்தகத்தில் முதலிடம் வாங்கிய காளைதான் அது.

பழைய ரைட்டர்
இந்த ஒன்றில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எங்களிடமே நடந்தது. மூன்றாம் வருடக் கடைசியில் சும்மா உட்கார்ந்து எண்ணினேன், பதிந்த கன்று நூற்றுப் பத்துக்குச் சொச்சம், அதில் எழுபதுக்கு ஒரே அப்பன். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அண்ணன் தங்கை சேர்ந்துவிடும், அப்பன் ஒன்று தாய் வேறு என்றாலே அவற்றுக்குப் பிறக்கும் கன்றில் 12.5 சதவீதம் நெருங்கிய ரத்தக் கலப்பு. ஒரு காளைக்கு வருடத்துக்கு இத்தனை கன்றுக்கு மேல் பதிய மாட்டோம் என்று விதி போடச் சொன்னேன். அந்தக் கூட்டத்தோடு என் வேலையும் போயிற்று, அது வேறு கதை. ஆனால் எழுபது என்ற எண் எனக்குத் தெரிந்தது ஏட்டில் இருந்ததால். ஏடே இல்லாத ஊரிலும் எல்லாரும் ஒரே காளைக்குத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்கள், எண்ண ஆள் இல்லை.

நாலுபல்லு தம்பி, திறப்பதாக இருந்தால் இரண்டு விஷயத்தை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. காளை வைத்திருப்பவர் ரைட்டர் பக்கம் வரக் கூடாது. காளை சேர்த்து ஒரு வாரத்துக்குள் சீட்டு வராவிட்டால் அப்பன் கட்டம் காலி. காலியாக விட்டே கன்றைப் பதியலாம், வெட்கம் ஒன்றும் இல்லை. அப்படிப் பதிந்தது கிடாரியானால் அதையும் அதன் பெண் கன்றுகளையும் நல்ல காளைக்கே தொடர்ந்து சேர்த்து வந்தால் நாலு தலைமுறையில் பதினாறில் பதினைந்து பங்கு வந்துவிடும். உன் திமில் இல்லாத கன்றின் தாயையும் இப்படிச் சேர்க்கலாம்.

வெள்வேலங்காடு
காளைக்காரனைக் கிட்டே விடாவிட்டால் சந்தா யார் கொடுப்பார்? என்னிடமும் ஒரு காளை இருக்கிறது.

பழைய ரைட்டர்
அதனால்தான் அண்ணா உங்களை ரைட்டராகக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டைச் சந்தைக்கு வருவீர்கள்தானே? அப்படியே உங்கள் பட்டிக்கு வருகிறேன், காளையின் சுழியை மட்டும் வரைந்துகொள்கிறேன்.

வெள்வேலங்காடு
வாங்க, காபி தருகிறேன். சுழியைத் தள்ளி நின்று வரைந்துகொள்ளுங்கள். வால் முடி கேட்டால் மட்டும் ஊசிக்காரரையும் கூட்டி வாருங்கள், பிடுங்குவது அவர் பாடு.