படகோனியாவில் லிஃப்ட் கேட்டுப் போன நாட்களும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லும்

கணவனும் மனைவியுமாக முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, தெரியாதவர்கள் வண்டியில் ஏறி நாடு சுற்ற முடியுமா, பயமாக இருக்காதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பயமாக இருந்த நேரமும் உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினாவிலும் சிலியிலுமாகப் பரந்து கிடக்கும் பகுதிதான் படகோனியா. ஒரு ஜனவரி மாதம் அங்கே அர்ஜென்டினாவின் எல் சால்ட்டேனிலிருந்து சிலியின் வில்லா ஓஹிகின்ஸுக்குப் போனோம். வரைபடத்தில் இரண்டு ஊரும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நடுவில் மலையும் ஏரியும். சாலை வழியாகப் போனால் வடக்கே ஒரு பெரிய வட்டம் அடித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் வட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களைப் பேசி முடிவு செய்திருந்தோம். ஒன்று, இறங்கும்போது பைகள் இரண்டும் வெளியே வரும்வரை ஒருவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று, இருவரில் யாராவது ஒருவர் தமிழில் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஏன் என்று கேள்வி கூடாது. அங்கே யாருக்கும் தமிழ் புரியாது என்பதால் இது வசதி. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு எங்களுக்குள் தமிழில் நீளமாகப் பேசிக்கொள்ள மாட்டோம். முன்னால் ஓட்டுகிறவர் என்ன நினைப்பார்? அவரும் தெரியாத இரண்டு பேரை நம்பித்தான் ஏற்றியிருக்கிறார்.

அர்ஜென்டினாவின் 40ஆம் எண் சாலையில் காற்றுதான் பெரிய பாடு. நின்று கையை நீட்டவே முடியாது. த்ரெஸ் லாகோஸுக்கும் கோபர்னதோர் கிரெகோரெஸுக்கும் நடுவே ஒரு ஜல்லிச் சாலை. ‘சபிக்கப்பட்ட 73’ என்றே அங்குள்ளவர்கள் அந்த 73 கிலோமீட்டரைச் சொல்கிறார்கள். அந்த வழியில் எங்களை ஏற்றிக்கொண்டவர் ஒரு லாரி ஓட்டுநர். வண்டி குலுங்கிய குலுக்கலிலும் எங்களுக்கு மாத்தே என்ற அந்த ஊர் இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். ஒரே குவளை, ஒரே உலோகக் குழல், எல்லோருக்கும் முறை வைத்துச் சுற்றி வரும். முதல் குவளையைக் குடித்துவிட்டு ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு என் முறை வரவே இல்லை. மாத்தே குடிக்கும்போது நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தமாம். இதை அவரே ஒரு மணி நேரம் கழித்து, சைகையும் ஸ்பானிஷுமாக விளக்கினார். விளக்கிவிட்டு மறுபடி ஊற்றினார். இந்த முறை குவளையை வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

எல்லையில் கொஞ்சம் கவனம் வேண்டும். லோஸ் ஆந்திகுவோஸ் செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் சிலி; பழம், தேன், விதை எதையும் உள்ளே விட மாட்டார்கள். அதனால் சாலையோரம் உட்கார்ந்து பை நிறைய இருந்த செர்ரியைத் தின்று தீர்த்தோம். எல்லையை நடந்தே கடந்தோம். நம் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவரை நமக்காக அதிகாரிகளிடம் பதில் சொல்ல வைப்பது நியாயமில்லை.

சிலியில் ஏரிக்கரை வழியாக வந்து, எல் மாய்த்தேன் என்ற முச்சந்தியில் 7ஆம் எண் சாலையைப் பிடித்தோம். புவெர்த்தோ மோந்த்தில் தொடங்கி 1,240 கிலோமீட்டர் ஓடி வில்லா ஓஹிகின்ஸில் முடிகிற சாலை இதுதான். அங்கே கோடை விடுமுறை என்பதால் மாணவர்களும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவர்களைத் தாண்டிப் போய், வண்டி அவர்களைக் கடந்த பிறகு வரும் இடத்தில்தான் நிற்க வேண்டும். அதை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

ஒவ்வொருவராக ஏறிப்போய், இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்திலும் அங்கே வெளிச்சம் இருந்தது. ஒரு கார் நின்றது, உள்ளே இரண்டு ஆண்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஏறுங்கள், ஏறுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பைகளை டிக்கியில் போடச் சொல்லி, என் கணவரை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்காரச் சொன்னார்கள். நான் ‘வேண்டாம்’ என்றேன்.

இவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஐந்து மணி நேரம் நின்றிருந்தோம், களைப்பு. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். சாலையை விட்டு உள்ளே தள்ளி, புதர் மறைவில் கூடாரம் போட்டோம். ராத்திரி முழுக்கக் காற்று. இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஏன் வேண்டாம் என்றாய் என்று அவர் கேட்டிருந்தால்கூடச் சொல்வதற்கு என்னிடம் சரியான காரணம் இல்லை.

மறுநாள் ஒரு வயதான தம்பதி பிக்அப் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கொக்ரானேயில் விட்டார்கள். அங்கே ஒரு கடை வாசலில் அதே கார் நின்றது. அந்த இருவரும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களை அடையாளம் கண்டு கையசைத்தார். நானும் கையசைத்தேன். மனசு கனத்துப் போனது. நல்லவர்களைத்தான் சந்தேகப்பட்டுவிட்டேனோ? அப்போதுதான் இவர் சொன்னார்: “அதனால என்ன? அடுத்த தடவை தோணினாலும் சொல்லு.”

அப்புறம் கடைசிக் கட்டம். புவெர்த்தோ யுங்காயிலிருந்து ரியோ பிராவோவுக்குக் கட்டணமில்லாத படகு உண்டு. வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும். அக்கரையில் ஊர் எதுவும் இல்லை, சாலை மட்டும்தான், வில்லா ஓஹிகின்ஸுக்கு இன்னும் 100 கிலோமீட்டர். அந்த வழியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, இறங்கிய பிறகு கையை நீட்டாதீர்கள், படகிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் எல்லோரும் சும்மாதான் நிற்பார்கள். பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நான் ஒருவரிடம் பேசி இடம் பிடித்துவிட்டேன். பைகளைத் தூக்கப் போனபோது இவர் மெதுவாக ‘வேண்டாம்’ என்றார். எனக்குத் திக்கென்றது. படகில் இருந்ததே நான்கு வண்டிகள், கரை தெரிய ஆரம்பித்துவிட்டது. சரி என்று பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன். அது ஆட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு லாரி. முன்னால் இரண்டு பேருக்கு இடமிருந்தது. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அன்று ஏன் வேண்டாம் என்றார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.