நீளமான ஆங்கிலச் சொல்: முதலில் பிரிப்பதா, அழுத்தம் தேடுவதா?

சொல்தேடி: மேடையில் பேசும்போது 'ரெஸ்பான்சிபிலிட்டி'யில் நாக்கு தடுமாறிவிட்டது. அப்புறம் அகராதியில் சொல்லுக்கு நடுவே இருக்கும் புள்ளிகளைப் பார்த்துத் துண்டு துண்டாகப் படித்தேன், வந்துவிட்டது. எந்த நீளச் சொல்லுக்கும் இதுதான் வழி. பிரித்துவிட்டால் அழுத்தம், அதாவது எந்தத் துண்டை ஓங்கிச் சொல்வது என்பது, தானாக வரும்.

மெய்யெழுத்து: வராதுங்க. அந்தப் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. சில அமெரிக்க அகராதிகளில் 'எலெக்ட்ரிசிட்டி' நாலு துண்டாகத்தான் இருக்கும். வாயில் வருவது ஐந்து சிலபிள் (ஒலித்துண்டு). முதல் எழுத்தை மட்டும் வரி ஓரத்தில் தனியே விட மாட்டார்கள் என்பதால் அங்கே புள்ளி கிடையாது.

சொல்தேடி: சரி, புள்ளியை விடுங்கள். அசை பிரிப்பது போலக் காதால் பிரிக்கலாமே?

மெய்யெழுத்து: அசை வேறு, சிலபிள் வேறு. 'சிபி' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலத்தில் இரண்டு சிலபிள். அதோடு, நாம் எல்லாத் துண்டையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்று ஓங்கும், மற்றவை தேயும். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லும்போது 'ஃபோ' ஓங்குகிறது. 'ஃபோட்டோகிராஃபி' ஆனதும் அழுத்தம் இரண்டாம் சிலபிளுக்குப் போய், 'ஃபடாக்ரஃபி' என்று ஒலிக்கிறது. துண்டு போட்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? விகுதியைப் பாருங்கள். 'இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது சிலபிளில். 'இக்' என்று முடிந்தால் அந்த 'இக்'குக்கு முந்திய சிலபிளில்.

கரும்பலகை: பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதை ஏற்க மாட்டேன். 'அரித்மெடிக்' என்ற பெயர்ச்சொல்லில் அழுத்தம் 'ரித்' மேல் விழுகிறது, உங்கள் 'இக்' விதி அங்கேயே உடைகிறது. தவிர, கடைசியிலிருந்து மூன்றாவது என்று எண்ணவே பிரிக்கத் தெரிய வேண்டுமே!

மெய்யெழுத்து: நியாயம்தான். ஆனால் பின்னாலிருந்து மூன்றைப் பிரித்தால் போதும்: டி, லி, பி. முழுதாகப் பிரிப்பதில்தான் ஆபத்து. 'கம்ஃபர்டபிள்' சொல்லை எழுத்துப்படி நாலாக வெட்டியவர்கள் 'கம்-ஃபோர்ட்-டேபிள்' என்று மேசையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பலர் பேச்சில் அது மூன்றே சிலபிள், 'கம்ஃப்டபிள்'.

சொல்தேடி: டி, லி, பி என்று சொல்லிப் பார்த்தேன். 'பி' ஓங்கியதும் 'ரெஸ்பான்சி' தடங்கலில்லாமல் ஓடுகிறது! ஆனால் 'அரித்மெடிக்' மாதிரிச் சொல்லுக்கு அகராதியின் ஒலிக்குறிப்புதான் கதி. அதில் மேலே வரும் சிறு கோடு, ஓங்கும் சிலபிளுக்கு முன்னாலா, பின்னாலா?

கரும்பலகை: ஐபிஏ என்கிற பன்னாட்டு ஒலிக்குறியீட்டில் முன்னால். சில பழைய அகராதிகளில் பின்னால் இருக்கும், முதல் பக்கங்களில் உள்ள விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.