டர்போ வேக்குவம் டியூப்ல ஆயில்: எங்கிருந்து வருது?

கேள்வி:
1.9 டிடிஐ டீசல் இன்ஜின், பம்ப் இன்ஜெக்டர் டைப், விஜிடி டர்போ (உள்ளே இருக்கிற இறக்கைகள் கோணம் மாறுற வகை). மேடு ஏறும்போது லிம்ப் மோட் (பவரைக் குறைச்சு ஓட்டுற பாதுகாப்பு நிலை) போகுது, ஸ்கேன்ல பி0299, அதாவது பூஸ்ட் குறைவு. என்75 வால்வு (டர்போ ஆக்சுவேட்டருக்குப் போற வேக்குவத்தைக் கட்டுப்படுத்துற வால்வு) டியூபைக் கழட்டினா உள்ளே கறுப்பா ஆயில். டர்போ சீல் போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

பதில்:
டர்போவை இப்போ தொடாதீங்க. டர்போ இறக்கைகளை நகர்த்துற இந்த ஆக்சுவேட்டர் வேக்குவம்ல வேலை செய்யுது. டர்போ கம்ப்ரஸர் காத்து அந்த லைனுக்குள்ள போறதே இல்ல. (பூஸ்ட் அதிகமானா எக்ஸாஸ்ட்டைத் திருப்பி விடற வேஸ்ட்கேட் டர்போன்னா வேற கதை. அங்க கம்ப்ரஸர் பக்கத்திலிருந்தே லைன் எடுப்பாங்க, இன்ஜின் உள்ளே சேர்ற வாயுவை வெளியே விடற ப்ரீதர் வழியா வர்ற ஆயில் நேரா வந்துடும்.)

வால்வுலேருந்து பம்பு, ஆக்சுவேட்டர், ஏர் ஃபில்டர்னு மூணு பக்கம் டியூப் போகுது; எது நனைஞ்சிருக்குன்னு பாருங்க. வேக்குவம் பம்புலேருந்து வர்றதுன்னா செக் வால்வு (ஒரு திசையில மட்டும் விடற வால்வு) மேல சந்தேகம். இன்ஜின் ஓடும்போது காத்து பம்பை நோக்கித்தான் போகும், ஆயில் எதிர்த்து வராது. ஆஃப் பண்ணினதும் ரிசர்வாயர்ல (வேக்குவம் சேர்த்து வைக்கிற டப்பா) மிச்சமிருக்கிற வேக்குவம், செக் வால்வு பிடிக்கலேன்னா, பம்புக்குள்ள இருக்கிற ஆயிலை உறிஞ்சிடும். ரிசர்வாயர் பக்கம் டி ஜாயின்ட் போட்டு வேக்குவம் கேஜ் மாட்டுங்க: ஐடிலிங்ல 0.8 பாருக்கு மேல வேக்குவம் வரணும். ஆஃப் பண்ணின உடனே முள் சரசரன்னு விழுந்தா ஒண்ணு செக் வால்வு, இல்ல எங்கேயோ டியூப் லீக்.

பதில்:
ஏர் ஃபில்டர் பக்கம் போற மூணாவது டியூபையும் விட்டுடாதீங்க. வால்வு அது வழியாத்தான் காத்து இழுக்கும். யாராவது அதை மாத்தி, ப்ரீதர் சேர்ற இடத்துக்குப் பின்னாடி குத்தியிருந்தா ஆயில் மிஸ்ட் நேரா உள்ளே. ஃபில்டர் அடைச்சிருந்தா இன்னும் மோசம். மிஸ்ட் ரொம்ப அதிகம்னா ப்ளோ-பை (பிஸ்டன் ரிங் தாண்டி கீழே கசியற வாயு) செக் பண்ணுங்க.

கேள்வி:
நடுவுல சின்ன பெட்ரோல் ஃபில்டர் போட்டா போதுமா? வால்வுக்குள்ள ப்ரேக் கிளீனர் அடிக்கலாமா?

பதில்:
ஃபில்டர் ஆயிலைப் பிடிக்கும், காரணத்தை மறைக்கும். ப்ரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம், வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் ஊதிடும். ஆயில் ஏறின என்75 வேக்குவத்தை மெதுவா விடும், அப்போ ஓவர்பூஸ்ட் பி0234 வரும். அந்த வால்வை மாத்திடறதுதான் புத்திசாலித்தனம். டியூபுக்கு ஆயில் தாங்குற ரப்பர் வாங்குங்க; கலர் கலரா விக்கிற சிலிக்கான் இன்ஜின் ஆயில்ல இளகி முனையிலேயே தளர்ந்துடும்.

ஆக்சுவேட்டருக்குக் கை வேக்குவம் பம்ப் மாட்டிப் பாருங்க. ராட் 0.1 பார் கிட்ட நகர ஆரம்பிச்சு, 0.6 பார் சுமாருக்கு ஸ்டாப்பரைத் தொடணும், அப்படியே நிக்கணும். இறங்கினா டயாஃப்ரம் போச்சு. பட்டறை கம்ப்ரஸர் காத்து மட்டும் அடிக்காதீங்க, டயாஃப்ரம் கிழிஞ்சுடும்.

ப்ரேக் பூஸ்டருக்கும் இன்ஜினோட அதே வேக்குவம் பம்புதான் வேக்குவம் கொடுக்குது. அந்த ஹோஸைக் கழட்டி உள்ளே விரல் விட்டுப் பாருங்க. ஆயில் ஒட்டினா பூஸ்டர் டயாஃப்ரமும் ஊறிக்கிட்டு இருக்கு, பவர் பிரச்சினையை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இதை முடிங்க.