பழைய யூசர்நேமை விட்டுவிட்டேன், வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்

ஊசிநூல், திருநெல்வேலி:

2020 ஊரடங்கில் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். இன்ஸ்டாகிராமில் கணக்கு திறந்தபோது மகளின் செல்லப் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் சேர்த்து யூசர்நேம் வைத்துவிட்டேன். மூன்று வருடத்தில் பதினோராயிரம் பேர் ஃபாலோ செய்தார்கள். "பாப்பா பேரையும் வயசையும் ஊருக்கே சொல்லணுமாக்கா?" என்று தம்பி கேட்டான். நியாயமாகப் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டுக் கடைப் பெயருக்கு மாற்றினேன். ஒரு நிமிட வேலை. படங்கள், ஃபாலோயர்கள், மெசேஜ்கள் எதுவும் போகவில்லை.

நான் மறந்தது அட்டைகளை. பழைய பெயருக்குப் போகும் கியூஆர் போட்டு ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்திருந்தேன். கல்யாண மண்டபம், மேக்கப் போடும் பெண்கள், ஜவுளிக்கடை என்று எல்லா இடத்திலும் கொடுத்தாயிற்று. ஒன்றரை மாதம் கழித்துக் களக்காட்டிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். "அட்வான்ஸ் ரெண்டாயிரம் போட்டுட்டேம்மா, அளவு ப்ளவுஸ எங்க கொண்டுவந்து தர?" என் கணக்கில் பணமே வரவில்லை. அவர் அட்டையை ஸ்கேன் செய்திருக்கிறார். நான் விட்ட பெயரில் யாரோ புதுக்கணக்கு திறந்து, என் படங்களையே இறக்கிப் போட்டு, வேறொரு நம்பருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அட்டையில் என் போன் நம்பரும் இருந்ததால்தான் இதுவாவது தெரிந்தது. விசாரித்ததில் இன்னும் இரண்டு பேர் ஏமாந்திருந்தார்கள்.

உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துச் சொல்லும்படி களக்காட்டு அக்காவிடம் சொன்னேன், அவரும் சொன்னார். நான் செயலியில் ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுத்தேன். ஒன்பது நாளில் அந்தக் கணக்கு போனது. பழைய பெயர் மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என் பிள்ளையின் பெயர் அது. அதைக் காட்டி இன்னொருத்தியிடம் பணம் பிடுங்கியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பெயர் மாற்றியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைக்கணக்கு, கோவை:

அக்கா, நான் பதினான்கு கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். செயலிக்கு உள்ளே ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. நாம் எத்தனை முறை பெயரை மாற்றினாலும் அது மாறாது. ஃபாலோயர், மெசேஜ், ப்ளாக் எல்லாம் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. யூசர்நேம் வாசலில் மாட்டிய பலகை மட்டுமே. ஆனால் வெளியே நாம் கொடுத்த இணைப்பும் கியூஆரும் பலகையைப் பார்த்துத்தான் வருகின்றன.

இன்ஸ்டாகிராமில் மாற்றிய பிறகு பெரும்பாலும் 14 நாளுக்குள் பழைய பெயருக்கே திரும்பலாம். அதற்குப் பிறகு அது வேறு யாருக்கும் கிடைக்கக்கூடும். யூடியூபிலும் பழைய ஹேண்டிலை (அங்கே யூசர்நேமுக்கு அதுதான் பெயர்) 14 நாள் பிடித்து வைக்கிறார்கள். எக்ஸில் (பழைய ட்விட்டர்) மாற்றிய கையோடு பழைய பெயரில் இன்னொரு கணக்கு திறந்து பூட்டிவிடுவேன். அதில் படம் எதுவும் போடாமல் "நாங்கள் இந்தப் பெயருக்கு மாறிவிட்டோம்" என்று ஒரு வரி மட்டும். 14 நாள் கணக்குள்ள செயலிகளில் நாட்காட்டியில் குறித்து வைத்து, பதினைந்தாம் நாள் காலையில் முதல் வேலையாக அதே பெயரைக் கேட்டுப் பார்ப்பேன். எப்போதும் கிடைக்காது, ஆனாலும் கேட்க வேண்டும்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் 30 எழுத்து வரை போகும், எக்ஸில் 15தான். எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமென்றால் 15க்குள் யோசியுங்கள். ஸ்னாப்சாட்டில் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம். ரெட்டிட்டில் நாமே தேர்ந்து வைத்த பெயரை மாற்றவே முடியாது.

வெறும்பெயர், மதுரைப் பக்கம்:

2013ல் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஃபேஸ்புக் கணக்கு திறந்தேன். கூடப் படித்த பையன்கள் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டார்கள், நானும் போட்டேன். யூசர்நேமிலும் அதையே வைத்தேன். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன் மூன்று மாதம் என்னோடு சாப்பிட வரவே இல்லை. கூச்சம் என்று நினைத்தேன். ஒருநாள் ராத்திரி அவனே சொன்னான்: "அட்மிஷன் அன்னைக்கே உன் ஐடியப் பாத்தேன்டா."

அவன் தூங்கும் முன்பே மாற்றிவிட்டேன்.

1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் தாத்தா பெயரும் அப்பா பெயரும் வெறும் பெயராகத்தான் இருக்கின்றன. அவர்கள் எடுத்து வைத்ததை நான் பதினாறு வயதில் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா போன் போட்டு "ஏன்டா எடுத்த?" என்று கேட்டார். விடுதியில் நடந்ததைச் சொன்னேன். அவர் பேசாமல் வைத்துவிட்டார். நானும் அவனும் இப்போதும் ஒரே ஊரில் வேலை பார்க்கிறோம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு சேர்ந்துதான்.

மலைக்கோட்டை, திருச்சி:

நான் மூணு தடவை மாத்தினேன் அக்கா. காலேஜ் சீனியர் ஒருத்தன் தொல்லை. பேரை மாத்திட்டா கண்டுபிடிக்க மாட்டான்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள்ள "புதுப் பேரு நல்லாருக்கு"ன்னு மெசேஜ் வரும். கை நடுங்கிரும். கோவை அண்ணா சொன்ன அந்த எண் விஷயம் அப்போ தெரியாது. அவன் வேற ஒரு பொண்ணு படத்தை வெச்சு ஏற்கெனவே என் ஃபாலோயர் லிஸ்ட்ல உட்கார்ந்திருந்தான். நான் பேரை மாத்தினா அவனுக்கும் அங்கேயே மாறித் தெரியும்.

கடைசியில அக்கவுண்ட்ட பிரைவேட் பண்ணிட்டு, நானும் ரூம்மேட்டும் ராத்திரி உட்கார்ந்து 340 பேரையும் ஒவ்வொண்ணா பாத்தோம். நேர்ல தெரியாத 27 பேரை எடுத்தோம். இன்ஸ்டாகிராம்ல ப்ளாக் பண்ணும்போது அந்த ஆளோட மத்த கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கிற வசதி இருக்கு, அதைத்தான் போட்டேன். அதுக்கப்புறம் அவன் பேரை மாத்திக்கிட்டு வந்தாலும் ப்ளாக் ப்ளாக்தான். ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்கல. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கு, அதுலதான் கொடுத்தேன். வீட்ல சொல்லப் பயந்தேன். சொன்னதும் அம்மா என்கூடவே வந்து உட்கார்ந்தாங்க. இதைப் படிக்கிற தங்கச்சி யாராவது இருந்தா, பேரை மாத்தறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் பாருங்க.

செம்பருத்தி, விழுப்புரம்:

எனக்கு அது நல்ல நாள். நான் திருநங்கை. அரசிதழில் பெயர் மாற்றுவதற்கு விண்ணப்பம், சான்றிதழ், அலைச்சல் என்று மாதக்கணக்கில் ஆனது. அதற்கெல்லாம் முன்பே, சென்னையிலிருந்து வரும் பஸ்ஸில், திண்டிவனம் தாண்டும்போது யூசர்நேமை மாற்றினேன். நானே எனக்கு வைத்த பெயர் முதன்முதலில் எழுத்தாக வந்தது அங்கேதான். யூசர்நேமோடு சேர்ந்து பக்கத்தில் தெரியும் பெயரையும் தமிழில் போட்டேன். இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்ஸ்டாகிராமில் தோழிகள் டேக் செய்திருந்த பழைய படங்களில் எல்லாம் தானாகவே புதுப் பெயர் வந்துவிட்டது. எக்ஸில் மற்றவர்கள் பழைய பதிவுகளில் எழுதிய பெயர் அப்படியே நிற்கிறது. அது அவர்கள் எழுதிய எழுத்து, என்னால் தொட முடியாது. பதினோரு பேரிடம் கேட்டேன். எட்டுப் பேர் அந்தப் பதிவுகளை அழித்தார்கள். ஒருத்தி நள்ளிரவில் உட்கார்ந்து தேடித் தேடி அழித்துவிட்டு, "வேற எங்கயாவது இருந்தா சொல்லுடி" என்று அனுப்பினாள். அந்த "டி"க்காகவே அழுதேன்.

அம்மா என் புதுப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் போனில் என் நம்பர் இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை. அவராக மாற்றட்டும்.

ஊசிநூல், திருநெல்வேலி:

எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தி, உன்னை இங்கிருந்தே கட்டிக்கொள்கிறேன் தங்கச்சி.

கோவைத் தம்பி சொன்னபடி புதுக் கடைப் பெயரை மற்ற செயலிகளிலும் இன்றே பிடித்து வைத்துவிட்டேன். 15 எழுத்துக்குள் அடங்கியது. புது அட்டையில் கியூஆரை எடுத்துவிட்டு, போன் நம்பரை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பழைய அட்டைகளில் இதுவரை நூற்றுப் பத்துதான் திரும்பி வந்திருக்கின்றன. மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன் மட்டும் தன் மேசையிலிருந்த அத்தனையையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

களக்காட்டு அக்காவுக்குப் பணம் இன்னும் கிடைக்கவில்லை. என் பெயரை நம்பித்தான் போட்டார், அதனால் அவர் ப்ளவுஸ் வேலையை அட்வான்ஸ் இல்லாமலே எடுத்துக்கொண்டேன். "பாதியாவது வாங்கிக்கம்மா" என்கிறார். நாளை மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். கைக்கு மயில் முடிந்துவிட்டது, முதுகில் ஜர்தோசி இன்னும் ஒரு வரிசை இருக்கிறது. போய் உட்காருகிறேன்.