கேள்வித்தாளோடு கடைசி பஸ்ஸில்: முனைவர் பட்ட அனுபவங்கள்

ஆலங்குளத்திலிருந்து:

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எம்.பி.ஏ. வகுப்பு எடுக்கிறேன். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. துறை மேலாண்மை, அதற்குள் நிறுவன நடத்தை. எங்கள் வழக்கில் அதை ஓ.பி. (ஆர்கனைசேஷனல் பிஹேவியர்) என்போம். வேலை பார்க்கிற இடத்தோடு மனுஷர் ஏன் ஒட்டுகிறார்கள், எப்போது மனசு விட்டுப்போகிறது என்று ஆராய்கிற படிப்பு. இதில் சேர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஆய்வை வழிநடத்துகிற கைடு எப்படிக் கிடைப்பார், எத்தனை வருஷம் ஆகும், பேப்பர் அதாவது ஆய்வுக் கட்டுரை எங்கே போடுவது என்பதைத்தான். அதில் வருஷக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் ஒன்றரை வருஷத்தைத் தின்றது ஒரு கேள்வித்தாள், பரீட்சைத் தாள் இல்லை, ஆய்வுக்காக ஆட்களிடம் கொடுத்து நிரப்பி வாங்குகிற தாள். அதைப் பற்றித்தான் விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் விதி. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி குறைந்தது 3 வருஷம், அதிகம் போனால் 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம் உண்டு. பகுதிநேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று கட்டாயம். எனக்கு அதைத் தர இன்று நாளை என்று ஏழு மாதம் இழுத்தார்கள். ஒரு சேர்க்கை அதோடு போயிற்று. அதனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வோடு படித்து முடிக்கவேண்டிய பாடங்கள், பெரிய பாரமில்லை. குறைந்தது 12 கிரெடிட், அதில் ஆராய்ச்சி நெறி பற்றிய தாளும் அடக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் தலைப்பு ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள். என் சித்தி பத்தொன்பது வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். ராத்திரி வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அது 2018-லேயே வந்துவிட்டது. செய்தியைப் படித்த அன்றைக்கே தலைப்பு முடிவாகிவிட்டது. இத்தனை வருஷம் நின்ற கடையோடு இவர்களுக்கு என்ன பந்தம், எது இவர்களை அங்கே பிடித்துவைக்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

ஓ.பி.யில் இதற்குத் தயார்நிலையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. கனடா ஆய்வாளர்கள் ஆலனும் மேயரும் 1990-இல் வெளியிட்டது. வேலை பார்க்கிற நிறுவனத்தின்மேல் உள்ள பற்றை மூன்றாகப் பிரிப்பார்கள்: மனசு ஒட்டி இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது. ஒவ்வொன்றுக்கும் 8 வாக்கியம், மொத்தம் 24. ஒவ்வொரு வாக்கியத்தையும் எந்த அளவு ஒத்துக்கொள்கிறோம் என்று டிக் அடிக்கவேண்டும். உலகம் முழுக்க ஓடுகிற அளவுகோல், என் கைடும் இதையே எடுக்கச் சொன்னார். தமிழாக்கம் செய்தேன், தமிழ்த்துறை நண்பர் ஒருவர் திருத்தித் தந்தார். ‘இவ்வமைப்பு தனிப்பட்ட முறையில் எனக்கு மிகுந்த பொருளுடையது.’ தாளில் படிக்க அழகாகத்தான் இருந்தது.

திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய கடையில் அனுமதி கேட்டேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள், சூப்பர்வைசர் வாங்கித் தருவார் என்றார். எனக்கும் அப்போது அதுவே பெரிய உதவியாகத் தெரிந்தது. நான்கு நாள் கழித்து அறுபது தாளும் வந்தன. வீட்டில் வந்து பிரித்தால், அறுபதும் ஒரே நீல மை. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சாய்வில் டிக். “எனக்கு இந்த இடத்தோடு ஒட்டுதல் இல்லை” என்ற வாக்கியத்துக்கும் அதே டிக். அந்தக் கட்டைப் பீரோவில் வைத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்ற மனம் வரவில்லை. ஏற்றியிருந்தால் முடிவு வந்திருக்கும், அட்டவணை வந்திருக்கும், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அப்புறம்தான் ஆட்களை நேரில் பிடிக்க முடிவு செய்தேன். கடைக்குள் முடியாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக வரும்போது அவர்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. பங்குனியில் சற்று மூச்சு விட்டார்கள். கடை அடைத்து அவர்கள் ஏறுகிற ராத்திரி பஸ்தான் என் களம் ஆனது. ஜங்ஷனில் ஏறினால் பேட்டை, அபிஷேகப்பட்டி, சீதபற்பநல்லூர் வழியாக ஆலங்குளம். என் பல்கலைக்கழக வாசலையே இருட்டில் தாண்டிப் போவோம்.

முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். உட்கார்ந்த உடனே செருப்பைக் கழற்றி, முன்னால் கிடந்த சாக்கு மூட்டைமேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தாள். கணுக்கால் வீங்கி, கொலுசு பதிந்த தடம் ஒரு வளையமாகச் சிவந்திருந்தது. கொலுசைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தடத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். கடையில் ஸ்டூல் போடவில்லையா என்று கேட்டேன். “கெடக்குதுக்கா, மாடிப்படிக்குக் கீழ அடுக்கி வச்சிருக்காவ. நாம போய் எடுத்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

தாளை நீட்டினேன். அமைப்பு என்றால் என்ன என்று கேட்டாள். சங்கமா, கட்சியா என்றும் கேட்டாள். அவளுக்கு அது கடை, அவ்வளவுதான். ‘கடை’ என்று மாற்றிக் கேட்டால், “கடையா, அண்ணாச்சியா?” என்று அடுத்த கேள்வி. முதலாளிமேல் பாசம் உண்டு, அக்கா கல்யாணத்துக்கு ஒத்தாசை செய்தவர். கடைமேல் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. யார்மேல் பற்று என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தாமஸ் பெக்கர் என்ற ஆய்வாளர் 1992-லேயே எழுதியிருக்கிறார். நானும் அதைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தவள்தான்.

அந்த 24-இல் ஒரு வாக்கியம், ‘இந்த நிறுவனத்தில் குடும்பத்தில் ஒருவராக நான் உணரவில்லை’ என்பது. எதிர்மறை வாக்கியம். உணரவில்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உணர்கிறேன் என்று அர்த்தம். ஓடுகிற பஸ்ஸில் இதை விளக்கிப் பாருங்கள், எனக்கே குழம்பிவிட்டது. நேராகவே கேட்டேன்: கடையில உன்னை வீட்டுப் பிள்ளை மாதிரி நினைக்கிறாங்களா? பின்சீட்டிலிருந்து ஒரு மூத்த அக்காதான் பதில் சொன்னார்.

“வீட்டுப் பிள்ளைன்னுதான் டீச்சர் சொல்லுதாவ. வீட்டுப் பிள்ளை சம்பளம் கூட்டிக் கேக்குமா? லீவு கேட்டா, நம்ம கடைய விட்டுட்டு எங்கட்டி போறம்பாவ. அந்தச் சொல்லு வந்தாலே எனக்குப் பயம்தான்.”

அந்த வாக்கியத்தை எழுதினவர்கள் குடும்பத்தில் ஒருவர் என்பதை ஒட்டுதலுக்கு அடையாளமாக வைத்தார்கள். இந்த அக்காவுக்கு அது வாயைக் கட்டுகிற கயிறு. என் தாளில் அவர் ‘முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்திருந்தால், பற்று மிக அதிகம் என்று நான் அத்தியாயம் எழுதியிருப்பேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஓர் உறுப்பினர், அளவுகோலை இஷ்டத்துக்கு மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு எப்படி ஒப்பிடுவாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் இப்படி முடிவானது: வாக்கியங்களை அவர்கள் பேசுகிற தமிழில் மறுபடி பெயர்ப்பது, மூலத்தைப் பார்க்காத வேறொருவரை வைத்து அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவது, இரண்டையும் ஒத்துப்பார்ப்பது. பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் 1970-இல் எழுதிவைத்த வழிதான் இது. முன்னோட்டமாக முப்பது பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற எண்ணை ஆல்பா என்போம். எதிர்மறை வாக்கியங்கள் உள்ளவரை அது 0.7-க்குக் கீழேயே கிடந்தது, நேராக்கியதும் ஏறியது. அதோடு, இருபத்திரண்டு பெண்களோடு நேர்ப்பேச்சு ஓர் அத்தியாயமாகச் சேர்ந்தது. என் ஆய்வேட்டில் உயிருள்ள பகுதி அதுதான் என்று நம்புகிறேன்.

வள்ளியூரிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கதையும் சொல்லவேண்டும் போல இருந்தது. நான் முழுநேரம். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்ததால் வண்டி ஓடுகிறது. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அதற்கு எழுதுகிற நெட் தேர்வில் மேலாண்மை எடுத்தால் ஓ.பி.யும் மனிதவளமும் அதற்குள்ளேயே வரும்.

என் தலைப்பு காற்றாலைப் பராமரிப்புத் தொழிலாளர்கள். ராதாபுரம், பணகுடிப் பக்கம். தப்பு நடந்தால் பயமில்லாமல் வாய்திறந்து சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் உளவியல் பாதுகாப்பு என்று வரையறுத்த கருத்து இது. அதற்கு முன்னால் 1996-இல் அவர் ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தபோது, நன்றாக நடக்கிற குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறு கூடவில்லை, ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது பிறகுதான் புலப்பட்டது.

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று ஆளைத் தள்ளுகிற மாதங்களில் யாரும் பேச நேரமில்லை. காற்று அடங்கின பிறகு, பெரிய பராமரிப்பு நடக்கும்போதுதான் ஆட்கள் கிடைப்பார்கள். கோபுரத்தடியில் டிஃபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவரிடம், குறை கண்டால் மேலே சொல்லுவீர்களா என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஒரு நட்டு இறுகலைன்னு சொன்னா, யாரு இறுக்கினான்னுதான் மொதல்ல கேப்பாவ தம்பி. இறுகலைங்கிறது பெறவுதான்.” என் கேள்வித்தாளில் இருந்த ஏழு வாக்கியமும் கேட்க வந்தது அந்த ஒரு வரியில் இருந்தது. அவர் பேரைக் கேட்காமல், குழு எண்ணையும் குறிக்காமல்தான் எழுதிக்கொண்டேன். சின்ன ஊர், நாலு பேர் குழு, யார் சொன்னது என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் தலைப்பும் இந்த மாதிரி என்றால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

அம்பையிலிருந்து:

நான் நர்ஸ். எம்.பி.ஏ. படித்துவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பகுதிநேர முனைவர் பட்டம் செய்கிறேன். நடுவில் குழந்தை பிறந்தது. விதியில் மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பு உண்டு என்பது எனக்கு யாரும் சொல்லாமல் நானே படித்துத் தெரிந்துகொண்டது. எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. கேட்கத் தயங்காதீர்கள்.

பேப்பர் விஷயத்தில் நான் பட்டது வேறு. பணம் கட்டினால் பத்து நாளில் போட்டுத் தருகிறோம் என்று போன் வந்தது. நைட் டியூட்டிக் களைப்பில் கட்டிவிட்டேன். கட்டுரை வந்தது, ஆறு மாதத்தில் அந்தப் பத்திரிகையின் தளமே காணோம். 2022 ஒழுங்குமுறையில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பழைய நிபந்தனை இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதியை அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஆலங்குளம் அக்காவிடம் ஒரு கேள்வி. மேயரும் ஆலனும் ஸ்மித்தும் 1993-இல் அந்த அளவுகோலை நர்சுகளிடம் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 6 வாக்கியமாகச் சுருக்கி. நிறுவனத்துமேல் பற்று வேறு, தொழில்மேல் பற்று வேறு என்று அதில் பிரிக்கிறார்கள். எங்கள் வார்டில் ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டே நோயாளிக்காக டியூட்டி முடிந்தும் நிற்கிற சிஸ்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் தமிழ் வாக்கியங்களை நான் எடுத்துக்கொள்ளலாமா?

ஆலங்குளத்திலிருந்து:

தாராளமாக, தங்கச்சி. ஆனால் ‘கடை’ என்று இருக்கிற இடத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று மட்டும் மாற்றிப் போட்டுவிடாதே. முதலில் உன் வார்டு சிஸ்டர்கள் நாலைந்து பேரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார். ‘வீட்டுப் பிள்ளை’ வரியை உங்கள் பக்கம் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கும் தெரியவேண்டும். மூல ஆங்கிலம், என் முதல் தமிழ், இரண்டாவது தமிழ், திருப்பிய ஆங்கிலம், நான்கையும் ஒரே தாளில் வரிசையாக அடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைப் பக்கம் வருவேன், கொண்டுவருகிறேன். அந்த அறுபது தாளையும் எடுத்து வருகிறேன், ஒருமுறை பார்த்துக்கொள்.

வள்ளியூர்த் தம்பி, அந்த நட்டு வரியை ஆய்வேட்டில் அவர் சொன்ன தமிழிலேயே போடு. மொழிபெயர்ப்பைக் கீழே கொடுத்தால் போதும்.