நச்சுப்பொருள் விபத்துக் களத்தில் கையேடு போதுமா, செயலி வேண்டுமா?

உலைக்களம் எழுதியது:

2023 பிப்ரவரி 3 அன்று இரவு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் ஒரு சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் 11 பெட்டிகளில் அபாயகரமான பொருள்கள் இருந்தன. முதலில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். அதே பிப்ரவரி மாதத்தில்தான் அந்நாட்டின் தேசிய மருத்துவ நூலகம், இத்தகைய களப்பணியாளர்களுக்காகவே உருவாக்கிய 'வைசர்' செயலியை நிறுத்தியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியது தவறு என்பது என் உறுதியான கருத்து.

கொட்டிக் கிடக்கும் பொருளின் பெயரோ எண்ணோ தெரியாத நிலையிலும் வைசர் பயன்பட்டது. நிறம், வாடை, திரவமா வாயுவா என்பது, பாதிக்கப்பட்டவருக்குக் கண் எரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்பது போன்றவற்றை உள்ளிட்டால், அது சாத்தியமான வேதிப்பொருள்களின் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கும். இப்போது களப்பணியாளர் வேதிப்பொருள் விவரத்துக்குக் கேமியோ செயலிக்கும், சிகிச்சை விவரத்துக்குச் செம் என்ற தளத்துக்கும், விலகல் தூரத்துக்கு அவசரகாலக் கையேட்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே திரையில் தந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்கும் கருவி வேண்டும் என்கிறேன்.

---

கரிமம் எழுதியது:

உலைக்களம் அவர்களே, தாங்கள் காட்டிய விபத்தே தங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகள் இணைந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் அவசரகாலக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பக்கத்தில் எண்ணைத் தேடலாம், நீலப் பக்கத்தில் பெயரைத் தேடலாம், ஆரஞ்சுப் பக்கத்தில் செய்ய வேண்டியதைப் படிக்கலாம். அந்த ரயிலில் இருந்த வினைல் குளோரைடு என்ற எரியக்கூடிய வாயுவின் யு.என். எண், அதாவது ஐ.நா. அடையாள எண், 1086. அது நம்மை 116ஆம் வழிகாட்டிக்கு அனுப்புகிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 'பி' என்ற எழுத்து அச்சாகியிருக்கிறது. வெப்பம் பட்டாலோ கலப்படம் நேர்ந்தாலோ இந்தப் பொருளின் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து பலபடியாக (பாலிமராக) மாறி வெடிக்கக்கூடும் என்பது அதன் பொருள். டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலகச் சொல்கிறது. நடுங்கும் கையோடு, டார்ச் வெளிச்சத்தில், வேதியியலே படிக்காத ஒருவரால் ஒரு நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கையேட்டின் எளிமை திட்டமிட்டு உருவாக்கப்பட்டது.

ஈஸ்ட் பாலஸ்தீனில் முடிவு தடுமாறியது மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 6 அன்று. தடம் புரண்டதில் உடையாத ஐந்து வினைல் குளோரைடு டேங்கர்களை வேண்டுமென்றே துளையிட்டு, உள்ளிருந்ததை வடித்து எரித்தார்கள். பலபடியாக்கம் தொடங்கிவிட்டது, டேங்கர் வெடித்துவிடும் என்று ரயில் நிறுவனமும் அதன் ஒப்பந்தக்காரர்களும் சொன்னதே காரணம். முடிவெடுக்கக் கிடைத்த அவகாசம் 13 நிமிடம். அந்த வேதிப்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் நிபுணர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கருதினார்கள். அந்த மாற்றுக் கருத்து களத்தலைவரின் காதுக்குப் போகவே இல்லை. எரித்தது தேவையற்றது என்று 2024இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்புச் சொன்னது. இதில் எந்தச் செயலி இல்லாதது குறை?

---

நெய்தல் எழுதியது:

கரிமம் அவர்களே, தாங்கள் பொருளின் பெயர் தெரிந்த பிறகு நடப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த விபத்தின் தொடக்கத்தில் பெயரே தெரியவில்லை. பெட்டிகளில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் எச்சரிக்கைப் பலகைகள் தீயில் உருகிப் போயின. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியலும் வீரர்களுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. அந்தப் பட்டியலை ரயில் நிறுவனங்கள் உடனுக்குடன் மின்னணு வடிவில் தர வேண்டும் என்ற விதி 2024 ஜூனில்தான் வந்தது.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளுக்கு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பொருளின் பெயர், யு.என். எண், அபாய முத்திரை, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை கொண்ட தகவல் பலகையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பல பலகைகளில் ஹாஸ்கெம் என்ற அவசரகாலச் சுருக்கக் குறியீடும் இருக்கும். பெட்ரோல் டேங்கரின் பின்னால் 'மூன்று, ஒய், ஈ' என்று எழுதியிருந்தால், நுரை அடிக்க வேண்டும், மூச்சுக் கருவி அணிய வேண்டும், கசிவைச் சாக்கடையில் விடாமல் தேக்க வேண்டும், மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று மூன்றே எழுத்தில் சொல்லிவிடுகிறது. வண்டி கவிழ்ந்து அந்தப் பலகை மண்ணில் புதைந்துவிட்டால் எந்தக் கருவியில் எதைத் தேடுவது?

---

உலைக்களம் எழுதியது:

நெய்தல் அவர்கள் கேட்ட கேள்வியே வைசர் வேண்டும் என்பதற்கான காரணம். பெயர் புதைந்துபோன இடத்தில் அறிகுறிகளைக் கொண்டு தேடுவதற்குத்தான் அது இருந்தது.

கரிமம் அவர்களுக்கு என் பதில் இது. கையேடு தன்னைப் பற்றியே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறது, அது விபத்தின் தொடக்கக் கட்டத்துக்கானது. மூன்றாம் நாள் எழுந்த கேள்விக்கு அதில் விடை இல்லை. பலபடியாக்கம் வெப்பத்தை உமிழும் வினை. அது உண்மையிலேயே தொடங்கியிருந்தால் டேங்கரின் வெப்பநிலை விடாமல் ஏறியிருக்க வேண்டும். அங்கே எடுத்த அளவீடுகள் அப்படிக் காட்டவில்லை. ஒவ்வோர் அளவீட்டையும் நேரத்தோடு பதிவுசெய்து, களத்தலைவர், மாநில அதிகாரிகள், தயாரிப்பு நிறுவனம் என எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்திருந்தால், 'வெடிக்கப் போகிறது' என்ற கூற்றை அங்கேயே யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். அதைச் செய்யக்கூடியது கருவிதான்.

---

கரிமம் எழுதியது:

அளவீட்டைப் பகிர்வதை நான் எதிர்க்கவில்லை. பரிந்துரைக்கும் திரையைத்தான் எதிர்க்கிறேன். அதற்குக் காரணம் அலோஹா மென்பொருள். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமும் சுற்றுச்சூழல் முகமையும் உருவாக்கிய அருமையான கருவி அது. காற்றின் வேகத்தையும் கசிவின் அளவையும் கொடுத்தால் நச்சு மேகம் எவ்வளவு தூரம் போகும் என்று வரைந்து காட்டும். ஆனால் தீயில் உருவாகும் துணைப்பொருள்களை அது கணக்கில் எடுப்பதில்லை. வினைல் குளோரைடு எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், அந்த மேகத்தை அது வரையாது. காற்று மிக மெதுவாக வீசும் இரவுகளில் அதன் கணிப்பை நம்ப முடியாது. மலை, பள்ளத்தாக்கு எதுவும் அதற்குத் தெரியாது. 10 கிலோமீட்டருக்கு அப்பால் அது எதையும் காட்டாது. இவற்றையெல்லாம் அதை உருவாக்கியவர்களே நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருந்தும், வரைபடத்தில் சிவப்புக் கோடு விழுந்த உடனே அதற்கு வெளியே இருக்கும் தெரு பாதுகாப்பானது என்று மனிதமனம் முடிவுகட்டிவிடுகிறது. கையேட்டின் பச்சைப் பக்கமோ மக்களை விலக்க, பகலுக்கு ஒரு தூரம், இரவுக்கு ஒரு தூரம் என்று எளிய எண்களைத் தருகிறது. இரவில் காற்று கலங்காமல் படிந்து நிற்பதால் நச்சு வாயு நீர்த்துப் போகாது, ஆகவே தூரம் கூடுதல். அந்த எண் துல்லியமானது போல் நடிப்பதில்லை என்பதாலேயே அதை நம்புகிறேன்.

---

மீட்புப்பணி எழுதியது:

ஒரு நடைமுறைச் செய்தி மட்டும். எரியக்கூடிய ஆவி சூழ்ந்த இடத்தில் சாதாரணக் கைப்பேசியே தீப்பொறிக்குக் காரணமாகலாம். மேலும், இரட்டைக் கையுறை போட்ட கையால் தொடுதிரையை இயக்குவது கடினம். செயலியானாலும் கையேடானாலும், காற்று வரும் திசையில், தொலைவில் நிற்கும் ஒருவர் படித்து வாக்கி டாக்கியில் சொல்வதுதான் நடக்கும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதிலுள்ள விவரத்தை இரைச்சலுக்கு நடுவே வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று பாருங்கள்.

---

உலைக்களம் எழுதியது:

மீட்புப்பணி அவர்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். நான் கேட்கும் திரை தொலைவில் நிற்பவருக்கானது. பரிந்துரைக்குப் பக்கத்திலேயே, அது எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அதே எழுத்தளவில் வரட்டும். அப்போதும் கரிமம் அவர்கள் மறுப்பாரா?

---

கரிமம் எழுதியது:

மறுப்பேன். 13 நிமிடமே கையில் இருக்கும்போது, பரிந்துரையைத்தான் படிப்பார்கள், பக்கத்தில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள். பரிந்துரைக்கும் இடத்தில் வேறொன்றை வையுங்கள்: இந்த முடிவை ஏற்காத நிபுணர் யார், அவர் சொல்லும் காரணம் என்ன, அவரது தொலைபேசி எண் எது. அந்த இடம் காலியாக இருந்தால், தயாரிப்பு நிறுவனத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று களத்தலைவருக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு செயலி வந்தால், கையேட்டோடு சேர்த்து அதையும் வண்டியில் வைக்கச் சொல்லி நானே எழுதிக் கேட்பேன்.