அக்கொம்ப்ளிஸ் என்பவருக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: அக்கொம்ப்ளிஸ் (accomplice), அதாவது குற்றத்தில் சேர்ந்திருந்தவர்.

பயிற்சிக் கணக்கு இதுதான். நாலு பேர் ஒரு நகைக்கடையைக் கொள்ளையடிக்கப் பேசி வைக்கிறார்கள். ஒருவர் அங்கே முன்பு வேலை செய்தவர். கடையில் ஆள் குறைவான நேரத்தைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ஒருவர் வெளியே மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வைத்துக்கொண்டு நிற்கிறார். மற்ற இரண்டு பேரும் உள்ளே போக, அவர்களில் ஒருவர் முதலாளியைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறார். கொலைக்கு யார் யார் பொறுப்பு?

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. 32ஆம் பிரிவு பொது எண்ணம். 100 தொடக்கம் உடந்தை. தூண்டுவது, சதியில் சேர்வது, உதவுவது மூன்றும் அதற்குள். 113அ சதி. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 1895ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில், 133ஆம் பிரிவில், மற்றவருக்கு எதிராகச் சாட்சி சொல்பவராக அக்கொம்ப்ளிஸ் வருகிறார். அவரையும் உடந்தையாளர் என்றே எழுதி வந்தேன். போன முறை ஒரு பிள்ளை, உடந்தையாளரின் சாட்சியத்தை அப்படியே நம்பக் கூடாது, ஆகவே அவரை உடந்தைக்குத் தண்டனை சொல்லும் 102இன் கீழ் தண்டிக்க முடியாது என்று விடை எழுதியிருந்தது. பிழை பிள்ளையுடையது அல்ல. சொல் தாருங்கள்.

பருத்தித்துறை, செவ்வாய் காலை

தம்பி, கூட்டாளி என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். பேப்பரில் அப்படித்தான் வருகிறது.

கோப்பாய், செவ்வாய் காலை

அண்ணை, யாழ்ப்பாணத்தில் கூட்டாளி என்றால் சிநேகிதன். "என்ர கூட்டாளி வாறான், தேத்தண்ணி போடுங்கோ" என்று சொல்லாத வீடு உண்டா? பின்னேரம் ஒழுங்கைமுகப்பில் கூடி நிற்கும் பெடியன்கள் எல்லோரையும் இந்தச் சொல் சந்தேகநபர் ஆக்கிவிடும். வேண்டாம்.

உடந்தை நல்ல சொல். உடன் என்பதன் வழியில் வந்தது, உறவு என்ற பொருளும் உண்டு. அக்கொம்ப்ளிஸுக்கு நான் தருவது "பாங்கர்". களவியலில் தலைவனுக்குத் துணை நிற்பவன் பாங்கன். பாங்கற் கூட்டம் என்று ஒரு துறையே இருக்கிறது. களவுக்குத் துணை போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

சுன்னாகம், செவ்வாய் மதியம்

மாஸ்டர், அது வேறு களவு! அதோடு, பாங்கர் என்று அச்சடித்தால் எங்கள் பிள்ளைகள் பங்கர் என்று வாசித்துவிட்டுப் பதுங்குகுழியைத் தேடுவார்கள்.

நீதிமன்றில் நின்று மொழிபெயர்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உடன்குற்றவாளி, துணைக்குற்றவாளி என்று யாராவது கொண்டுவரப் போகிறீர்கள். இரண்டும் ஆகாது. குற்றவாளி என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் பெயர். அதுவரை அவர் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்; அதற்கும் முன்னர் சந்தேகநபர். சாட்சிக்கூண்டில் நிற்கும் அக்கொம்ப்ளிஸ் மீது குற்றப்பத்திரமே இல்லாமலும் இருக்கலாம். துணை என்ற சொல்லில் இன்னொரு வில்லங்கம்: துணைவேந்தர், துணைத்தலைவர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒரு படி கீழே. சட்டம் அப்படிப் படி இறக்குவதில்லை. 32 பொருந்தினால், வெளியே நின்றவரும் தானே தனியாக அதைச் செய்தவர் போலத்தான்.

திருநெல்வேலி, செவ்வாய் இரவு

அக்கா தொட்ட இடம்தான் இந்தப் பாடத்தின் நடு. வகுப்பில் நான் எடுப்பது கல்கத்தா தபால் நிலைய வழக்கு. 1923இல் கொள்ளையடிக்க வந்தவர்கள் போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்ட ஒருவர், நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன், பயந்து போயிருந்தேன் என்றார். லண்டனில் மேன்முறையீட்டைக் கேட்ட பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. வெறுமனே நின்று காத்திருப்பவரும் பணி செய்பவரே என்ற மில்ரனின் வரியைத் தீர்ப்பில் எடுத்துப் போட்டார்கள். கண்பார்வை போன கவிஞர் கடவுளை நினைத்து எழுதியது, காவல் நின்றவருக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பொது எண்ணம் கொள்ளைக்கு மட்டும்தானா, கொலைக்குமா என்பது தனிக் கேள்வி. கத்தி கொண்டுபோனது மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியுமா? இதைத்தான் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். சொல்லே தீர்ப்பைச் சொல்லிவிடக் கூடாது.

சென்னையிலிருந்து, புதன் காலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே பேச்சு வழக்கில் கூட்டுக்களவாணி என்போம், சட்டப் புத்தகத்தில் போட முடியாது. எங்களுக்கு 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நியாய சம்ஹிதை வந்துவிட்டது. பொது எண்ணம் பற்றிய பழைய 34ஆம் பிரிவு இப்போது 3(5). ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடிக்கையில் ஒருவர் கொலை செய்தால் அத்தனை பேருக்கும் மரண தண்டனை வரை போகலாம் என்று தனிப் பிரிவே உண்டு. உங்கள் கணக்கில் நாலு பேர்தான்!

பருத்தித்துறை, புதன் காலை

அப்ப பங்காளி?

கோப்பாய், புதன் காலை

பங்காளி கிணற்றுக்கு. எங்கள் வளவுக் கிணற்றுக்கு ஆறு பங்கு, இறைப்பு முறைக்கே சண்டை. அதற்குள் கொலையையும் பங்கு போட வேண்டாம்.

சதிக்கு வருகிறேன். சதி வேண்டாம், சூழ்ச்சி என்று வையுங்கள். வள்ளுவரிடம் சூழ்ச்சி என்றால் கூடி ஆராய்வது. துணிவுக்கு வருவது அதன் முடிவு. சட்டம் கேட்கும் உடன்பாடு அதுதானே. இன்னொன்றும் உண்டு. கள்ளாமை அதிகாரத்தின் இரண்டாம் குறளில் "கள்வேம்" என்கிறார். ஏன் பன்மை? கள்வேன் என்று வைத்தாலும் வெண்பா கெடாது. ஈற்றுச் சீர் அதே மலர் வாய்பாடுதான். ஆக, தளைக்காக வந்த பன்மை அல்ல. இரண்டு பேராவது சேர்ந்து "களவு எடுப்போம்" என்கிறார்கள். களவு நடக்கவில்லை, எண்ணம் மட்டுமே, அதுவே தீது. 113அ வருவதற்கு எத்தனை நூற்றாண்டு முந்தியது!

சுன்னாகம், புதன் மதியம்

மாஸ்டர், அதே குறள் "உள்ளத்தால்" என்று தொடங்குகிறதே? ஒருவர் தன் மனதுக்குள் எண்ணுவதை எந்த நீதிமன்றமும் சதி என்று எடுக்காது. இரண்டு பேர் வேண்டும். சூழ்ச்சியும் பிழை. 113அ-வைத் திரும்ப வாசியுங்கள்: முன்கூட்டிய ஆலோசனை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பொது நோக்கத்தோடு சேர்ந்து செயற்பட்டாலே போதும் என்கிறது. கூடி ஆராயாமலே சதிகாரர் ஆகலாம். சதி இருக்கட்டும்.

ஸ்காபரோவிலிருந்து, புதன் இரவு

சிலம்பில் பொற்கொல்லன் தூண்டுகிறான், அரசன் ஆணையிடுகிறான், குடித்த காவலன் வெட்டுகிறான். இவர்களில் அக்கொம்ப்ளிஸ் யார்?

கோப்பாய், புதன் இரவு

பொற்கொல்லன் 100இன் கீழ் தூண்டியவன். உண்மை தெரியாத அரசனை உடந்தை என்று சொல்லேன். காவலனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், பொறுங்கள்.

திருநெல்வேலி, வியாழன் காலை

மாஸ்டர், தயவுசெய்து வேண்டாம். கடை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும்.

என் முடிவு: தண்டனைச் சட்டக்கோவையில் வருபவர் உடந்தையாளர். 113அ-வில் வருபவர் சதிகாரர்; 113ஆ அவரை உடந்தையாளர் போலவே தண்டிக்கச் சொல்கிறது என்று ஒரு வரி சேர்க்கிறேன். சாட்சியச் சட்டத்தில் வருபவருக்கு "குற்றச்செயற் பங்காளர்". பங்காளி அல்ல, பங்காளர். கிணற்றுச் சண்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். அழகாக இல்லை என்று எனக்கே தெரியும். யாருக்காவது ஆட்சேபம்?

பருத்தித்துறை: இல்லை, களைத்துவிட்டேன்.

சென்னை: சரி.

சுன்னாகம்: "குற்றச்செயல்" அங்கேயும் தீர்ப்பை முந்துகிறது. இருந்தாலும் உடந்தையாளரோடு குழம்பாது. சரி.

கோப்பாய்: எனக்குச் சம்மதமில்லை, பதிந்து வையுங்கள். பங்கு என்றால் விளைச்சலில் கிடைக்கும் கூறு. மோட்டார் சைக்கிள்காரருக்கு நகையில் ஒரு குண்டுமணியும் கிடைக்காமல் போயிருந்தால் அவர் பங்காளரா? பாங்கரை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.

திருநெல்வேலி, வியாழன் இரவு

அறுபது பிரதி எடுத்தாயிற்று. மூன்றாம் பக்கத்தில் மெஷின் "பங்காளர்" என்பதன் ளகரத்தை மங்கலாக்கிவிட்டது, பேனையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிழமைப் பாடம், சட்டமா அதிபரின் மன்னிப்பைப் பெற்று மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருபவர். அவருக்கும் ஒரு சொல் வேண்டும். இந்த முறை முன்கூட்டியே கேட்கிறேன்.